இடது காது

முழங்கால் போட்டு ஜெபித்து ஜெபித்தே வீங்கிப்போன முழங்கால் இது. அதற்குச் சுகம் கேட்டுத்தான் குணமளிக்கும் கூட்டத்துக்குப் போனேன். பாஸ்டர் எண்ணெய் பூசி, நடந்து காட்டச் சொன்னார். நொண்டினேன். "விசுவாசம் பத்தல சிஸ்டர்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பந்தலுக்குள்ளேயே வரவில்லை. சபை, ஜெபம் எதுவும் ஆகாத மனுஷன். வெளியே நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போல அவருடைய இடது காதோரம் புலம்பத் தொடங்கினேன். கல்யாணத்துக்கு முன்பே கேட்காமல் போன காது அது. சபையில் ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்லலாம். கர்த்தரைத் திட்ட எனக்கு இருந்த ஒரே இடம் அந்தக் காதுதான்.

"உமக்கு நான் என்ன குறை வச்சேன்? கண்ணில்லையா உமக்கு?" என்று முணுமுணுத்தேன்.

வண்டி நின்றது. "யாருக்குக் கண்ணில்ல, சலோமி?" என்றார்.

வலது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசிப் பார்த்தேன். எல்லாம் கேட்டது. பஜ்ஜி எண்ணெய் ஒட்டிய விரலை இடது காதுக்குள் விட்டுக் குடைந்தபடி, "எனக்கு ஏது விசுவாசம்? உன்னோடதுதான் வேலை செஞ்சிருக்கும்" என்றார்.

முழங்கால் விண்விண் என்று தெறித்தது. கர்த்தரிடம் கேட்க வாய்நிறைய இருந்தது. என் வீட்டுக்காரருக்கோ இப்போது இரண்டு காதும் திறந்திருந்தன.

"வண்டிய எடுங்க" என்றேன்.