எட்டாம் லயத்துப் புது அறை

"அந்த அறைய யார் கட்டினது?"

தேயிலைத் தோட்டத்து மேனேஜர் பெரியதுரை கேட்டு வாய் மூடவில்லை. "நாந்தாங்க" என்றாள் தனலெட்சுமி.

ஆபீஸ் வாசலில் கூடிநின்ற லயத்துச் சனம் மூச்சை அடக்கிக்கொண்டது.

எட்டாம் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் ஒட்டி எழுந்த சின்ன அறை. மண்சுவர், பசறை டவுனில் வாங்கிவந்த பழைய தகரம். கட்டிமுடித்த பிறகுதான் அனுமதி கேட்டார்கள். சின்னத்துரை முடியாது என்றுவிட்டார். சனிக்கிழமைக்குள் இடித்துவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

அதற்குமேல் முறையிடுவதென்றால் பெரியதுரையிடம்தான். யாருக்கும் துணிவு வரவில்லை. தனலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்துவிட்டாள்.

"கேக்காம ஏன் கட்டின?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க தொர. இப்ப வேணாம்னு சொல்லணும்னா ஒருக்கா வந்து பாக்கணும்ல? பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு அடுப்புப் பொகையில கெடந்தவ, இப்பத்தான் அந்த அறையில நிம்மதியாத் தூங்குறா. வந்து பாருங்க. பாத்துட்டு இடிங்க."

துரையின் முகம் சிவந்தது. "ஒன் பேர வெட்டிடுவேன்!"

பெயரை வெட்டினால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

"வெட்டுங்க. அறைய மட்டும் விட்டுடுங்க."

குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. துரைக்குப் பக்கத்தில் நின்ற கிளாக்கர் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

துரை விருட்டென்று எழுந்து லயத்துக்கு நடந்தார். சனம் பின்னால் ஓடியது.

சப்பாத்து போட்ட காலால் சுவரை ஓங்கி உதைத்தார். அசையவில்லை. தனலெட்சுமியின் புருஷன் வீரய்யா மிதித்துக் குழைத்த மண் அது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளை பெற்றவள் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள். குழந்தை விழிக்கவில்லை.

துரை ஓசையில்லாமல் தலையை வெளியே எடுத்தார்.

"ஜன்னல் ஒண்ணு வை" என்றார், தனலெட்சுமியைப் பார்க்காமல். "இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தலை மறைந்ததும் லயமே ஆரவாரம் செய்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு ராசம்மா ஓடிவந்து தனலெட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே இருந்தது ராசம்மாவின் மருமகள். அறையும் ராசம்மாவின் குடும்பத்துக்குத்தான்.

"எங்களுக்காக ஒன் பேரையே குடுக்கத் துணிஞ்சிட்டியே தனம்! வெட்டியிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

தனலெட்சுமி சிரித்தாள்.

ராசம்மா வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தனலெட்சுமிக்கும் வீரய்யாவுக்கும் இந்தியா. அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும் என்று நேற்றுத்தான் தகவல் வந்தது. அதைச் சொன்ன கிளாக்கர் ஐயாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"கவலைய விடு. புள்ள வளந்து நடக்க ஆரம்பிச்சா ஒன் வீட்டுலதான் கெடக்கப் போகுது பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ராசம்மா.

துரையிடம் அத்தனை பேசியவளுக்கு, இவளிடம் கப்பல் சேதியை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.