சத்தத்தைக் குறை, லோர்னா!

"லோர்னா, சத்தத்தைக் குறைக்கக் கூடாதா? ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேட்டு வர்ற பிள்ளைங்க உன் வாசல்லயிருந்து தலைதெறிக்க ஓடுதுங்க!" என்றபடி உள்ளே வந்தாள், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த டோரீன்.

டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். கதவைத் திறந்த வேலைக்காரி வீறிட்டு அலறினாள். லோர்னா படத்தைப் பின்னால் ஓட்டி, மறுபடி அதே அலறலை வைத்தாள்.

"ஹாலோவீன்னா பேய்ப்படம் பார்க்கறதுதான். அதுக்காக ஒரே கத்தலை எத்தனை தடவை கேட்பே? பயமா இல்லையா?"

"அது எங்கம்மா, டோரீன். படத்துல அவங்களுக்கு வசனமே கிடையாது. என்னைப் பெத்த வாரமே போயிட்டாங்க. போட்டோ நிறைய இருக்கு, குரல் இது ஒண்ணுதான். தாலாட்டு எப்படிப் பாடியிருப்பாங்கன்னு இதை வச்சுத்தான் யோசிச்சுப் பார்க்கறேன்."

டோரீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள்.