வாங்கில் இருந்தவர்

திங்கட்கிழமை இரத்தப் புற்றுநோயால் இறந்துபோன ஞானசேகரத்தின் கண்களை மூடிவிட்டவள் தாதி ஜெயரூபிதான். வியாழன் காலை, அவருக்கு வழக்கமாக மருந்து ஏற்றும் நேரத்தில், மனைவி நல்லம்மா வார்ட் வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், இவரைத் தோப்பூரில இருந்து பஸ்ஸில கூட்டிக்கொண்டு வந்தனான். வெளியில வாங்கில இருக்கிறார். எழும்ப ஏலாதாம். ஒருக்கா கை குடுங்கோவன்.”

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜெயரூபி நினைத்தாள். மறுத்துப் பேச மனம் வரவில்லை.

“ஓம் அம்மா, வாங்கோ.”

வெளியே நோயாளிகள் அமரும் நீள வாங்கு வெறுமையாக இருந்தது. நல்லம்மாவின் ஆறுதலுக்காகக் குனிந்து கையை நீட்டினாள்.

குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. பதறிப்போய்க் கையை இழுத்தாள். அவை விடவில்லை.

“மெதுவா எழும்புங்கோ,” என்றாள் நல்லம்மா.

எழுந்து நிற்க முயலும் ஒரு மனிதனின் பாரம் ஜெயரூபியின் தோளைக் கீழே இழுத்தது.