முன் சீட்டுக் குறட்டை

"ஜன்னலோரம் எனக்குத்தான். முதல்லயே பையைப் போட்டு வச்சுட்டேன், பாருங்க."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் டூரிஸ்ட் பஸ்ஸின் முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். பக்கத்து சீட்டு கிடைத்த கணக்கு டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. வருஷம் முழுக்க விடைத்தாளையே பார்த்த கண்ணுக்கு ஒரு நாளாவது ஊரைக் காட்டலாம் என்று ஆசையாகக் கிளம்பி வந்தவர் அவர்.

"உங்க பையனும் மருமகளும் கடைசி சீட்டுல இருக்காங்களே. நீங்களும் அங்கேயே உட்காரலாமே?"

"கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடும். என் இடுப்பு தாங்காது."

"அவங்களுக்கு மட்டும் தாங்குமா?"

"சின்னஞ்சிறுசுங்க. குலுங்கட்டும்."

 குடை துருத்திக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் வெடுக்கென்று உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியது. "இடது பக்கம் பாருங்க, இந்த ஊரோட பழைய மணிக்கூண்டு" என்று கைடு மைக்கில் சொன்னார். டீச்சர் எட்டிப் பார்த்தார். மணிக்கூண்டுக்குப் பதில் அந்த அம்மாளின் கொண்டைதான் தெரிந்தது. கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரு குறட்டை. கோளாறு மைக்கில்தான் என்று நினைத்து கைடு அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குவதற்கு எதற்கு ஜன்னல்?

அருங்காட்சியக வாசலில் பஸ் நின்றதும் அம்மாள் கண் விழித்தார். விழித்ததுதான் தாமதம், பின்னாலிருந்து மருமகள் பிளாஸ்க்கோடு ஓடி வந்தாள்.

"அத்தை, வெந்நீர் குடிக்கிறீங்களா?"

பின்னாலேயே மகன் சால்வையோடு வந்தான். "அம்மா, கால் மரத்துப்போச்சா? பிடிச்சு விடட்டுமா?"

உள்ளே போய்த் திரும்பும்வரை வலது பக்கம் மகன், இடது பக்கம் மருமகள், நடுவில் அம்மாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. 'நல்லா ஆட்டி வைக்கிறாங்க' என்று டீச்சர் மனசுக்குள் கரித்துக்கொட்டினார்.

குடிநீர்க் குழாயடியில் மருமகள் டீச்சரிடம் தனியாக மாட்டினாள்.

"கல்யாணமாகி எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு மாசம்க்கா."

"ரெண்டு பேரும் ஜாலியா வர வேண்டிய இடத்துக்கு இவங்க எதுக்கு?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அவங்க வரவே மாட்டேன்னாங்க. நீங்க வரலைன்னா நாங்களும் போகலைன்னு நாங்கதான் பிடிவாதமா கூட்டிட்டு வந்தோம். படகுல போகணும்னு அத்தைக்கு எத்தனையோ வருஷத்து ஆசைக்கா. ஆறு, பாலம்னா அப்படிப் பேசுவாங்க."

ஆசையாம் ஆசை என்று டீச்சர் முணுமுணுத்தார்.

சாயங்காலம் படகுத்துறையில் அந்த அம்மாள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி முதல் பெஞ்சைப் பிடித்தார். "எனக்குக் காத்து வேணும். நீங்க பின்னாடி போங்க" என்று மகனையும் மருமகளையும் விரட்டினார். வேறு இடம் இல்லாமல் டீச்சர் மறுபடியும் அவர் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். படகு கரையை விட்டு நகர்ந்ததும் குறட்டையும் கிளம்பியது.

வெயில் இறங்கி ஆறு தகதகவென்று மின்னியது. ஒரு கூட்டம் வெள்ளைப் பறவைகள் தலைக்கு மேலே பறந்து போயின. அம்மாளின் இமை அசையவில்லை.

பின் பெஞ்சிலிருந்து திடீரென்று கலகலவென்று ஒரு சிரிப்பு. டீச்சர் திரும்பினார். மகன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, மருமகள் அவன் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காத பெண்ணா இது?

எதிரே பெரிய பாலம் வந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் படகு காத்து நின்றது. பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து மெல்ல மேலே எழ ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு தடவைதான் இப்படித் தூக்குவார்களாம். படகே வாயடைத்துப் போய்ப் பார்த்தது. குறட்டை மட்டும்தான் கேட்டது.

அவ்வளவு கோபத்திலும் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அம்மா, எழுந்திருங்க! பாலத்தைத் தூக்கறாங்க. இதைப் பாக்காமத் தூங்கினா எப்படி?"

குறட்டை நின்றது. கண் திறக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது. "நான் எங்க தூங்கினேன்? எங்க வீடு ஒரே ரூம். நாலு மாசத்துல அதுங்க இப்படி வாய் விட்டுச் சிரிச்சு இன்னிக்குத்தான் கேக்கறேன். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் பிளாஸ்க்கோட வந்து நிப்பாங்க."

டீச்சரும் குரலைத் தாழ்த்தினார். "அப்போ பாலம்?"

"அது கிடக்கட்டும்."

பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. "என்னங்க, சத்தத்தையே காணோம். அத்தை முழிச்சுட்டாங்க போலிருக்கு. பிளாஸ்க் எங்க?"

டீச்சர் சட்டென்று பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, பின்னால் பிடித்து, தங்கள் இரண்டு தலைகளையும் மறைத்தார்.

"சீக்கிரம் கண்ணைத் திறந்து பாலத்தைப் பாருங்க. குறட்டையை நான் விடறேன்."