நகப்பூச்சுக் கோடுகள்

மாலை வெயில் பட்டறைக்குள் சாய்ந்து விழுகிறது. கல்லும் குழியுமான பாதையில் பகலெல்லாம் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் பார்த்த முகாம் டிரெய்லர், உடம்பு முழுக்கப் புழுதியோடு நிற்கிறது. நாளை இதில்தான் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு மலையேறப் போகிறார்கள். அடியில் மல்லாந்து படுத்திருக்கும் வெல்டர், டார்ச் வெளிச்சத்தில் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். எல்லாவற்றின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரை மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிறது. மனைவியின் நகப்பூச்சு அது. போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்று காலையில் அவள் வரைந்தபோது, "டிரெய்லருக்கு என்ன, கல்யாணமா?" என்று சிரித்தவர்தான் இவர். இப்போது சிரிக்கவில்லை. சக்கர அச்சைப் பிடித்திருக்கும் போல்ட்டில் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கால் சுற்று தள்ளி நிற்கிறது. "என்னங்க, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?" என்று குனிந்து பார்க்கிறாள் அவள். "ஒண்ணு லூசாயிருக்கும்மா. நீ மட்டும் கோடு போடலேன்னா..." ஸ்பானர் கிரீச்சிட, போல்ட் இறுகுகிறது. கிரீஸ் படிந்த கை வெளியே நீள்கிறது. "அந்தப் பாட்டிலைக் குடு." மூச்சை அடக்கிக்கொண்டு புதுக் கோடு வரைகிறார். வெளியே உருண்டு வந்தவர் எழுந்திருக்காமலேயே அவள் கையைப் பிடித்து, பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த மிச்சப் பூச்சை அவளுடைய கட்டைவிரல் நகத்தில் பூசுகிறார். நகத்தைத் தாண்டித் தோலெல்லாம் சிவப்பு. "கோணலாப் போச்சுங்க" என்கிறாள் அவள், கையை இழுத்துக்கொள்ளாமல். "போகட்டும். அசையாம இரு, காயணும்."