மூன்று கோட்டு ரொட்டி

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் எங்கள் சந்தின் பொது அடுப்பு புகைகிறது. வீடுகளில் பிசைந்து இங்கே சுட அனுப்பும் ரொட்டி மாவில் வீட்டுக்கு ஓர் அடையாளம். மூன்று கோடு ஸுஹூரின் வீடு. சந்தில் பரவும் காய்ச்சலை அவர்கள்தான் கொண்டுவந்தார்களாம். "அவங்க மாவு எங்க மாவோட வேகக்கூடாது" என்று பக்கத்து வீட்டு மென்னானா கத்தியபோது நாங்களும் தலையாட்டினோம். நான்கு நாளாக அந்த வீட்டு மாவுப் பலகை வரவில்லை.

இன்று மென்னானா இரண்டு பலகைகளோடு வருகிறாள். அடுப்புக்காரரான பூஷைப், மேலே மூடிய துணியை விலக்குகிறார். ஒன்றில் மூன்று கோடு.

"அன்னிக்கு அந்தக் குதி குதிச்சியேம்மா?"

"பெசைஞ்சது என் கைதான். பேசாம உள்ள தள்ளுங்கண்ணே."

நீளத் துடுப்பால் அதை எல்லா ரொட்டிக்கும் நடுவில் வைக்கிறார்.

"வெந்ததும் யாரு கொண்டுபோறது?"

மென்னானா முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிடுகிறாள்.

"கோடு போடத் தெரிஞ்சவளுக்கு வாசல் தெரியாதா?"