மாறனுக்கு ஒரு பூசை

மடு மாதா கோயில் கந்தோரில், பாதரின் எழுத்து மேசைக்கு முன்னால் நின்று றோசம்மா பூசைக்குப் பெயர் கொடுத்தாள்.

"மாறன்."

"உயிரோட இருக்கிறவரோ?" பாதர் கேட்டார்.

"ஓம் பாதர். காணாமற்போன மகனைத் தேடித்தான் ஊரை எரிச்சவன். வெள்ளிக்கிழமை கொல்லப்போறாங்களாம்."

பாதர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். "ஆர் கொல்லப்போறது?"

"பறந்து வாற ஹீரோ. எட்டு மணிக்கு, டிவியில."

பாதருக்குச் சிரிப்பு வந்தது. "நாடகத்தில வாற வில்லனுக்கோ பூசை?"

"நானும் ஆறு வருசமா மகனைத் தேடுறன் பாதர். எனக்கு எரிக்கத் தெரியேல்லை. அவனாவது தன்ர பிள்ளையைக் கண்டிடட்டும்."

பாதர் பூசைப் புத்தகத்தைத் திறந்தார். காலையில் தொண்டர் எழுதிவைத்த பக்கத்தில் ஏழு தாய்மார் பூசை கேட்டிருந்தார்கள். ஏழும் மாறனுக்கே.

பாதரின் சிரிப்பு நின்றது. எட்டாவது பூசையை எழுந்து நின்றே எழுதினார்.